இழைக் கான்கிரீட் தளம்: கணக்கை எந்த இடத்தில் நம்பலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகைக்கு விடக் கிடங்கு கட்டும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு இரண்டு கொட்டேஷன்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முதலாவதில் தரைத்தளம் 200 மி.மீ. தடிமன், கம்பி வலையுடன். இரண்டாவதில் 150 மி.மீ. தடிமன், கம்பியே இல்லை. கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 20 கிலோ எஃகு இழை (கலவையோடு சேர்க்கும் மெல்லிய, குட்டைக் கம்பித் துண்டுகள்) மட்டும். இரண்டு தாள்களிலும் ஒரே ராக் (சரக்கு அடுக்கும் இரும்புச் சட்டம்), ஒரே சுமை. இரண்டின் அடியிலும் கணினியில் போட்ட கணக்கு இணைக்கப்பட்டிருந்தது. "அண்ணே, ரெண்டுமே கணக்குதான். இதுல எதை நம்புறது?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுமானப் பணியில் இருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொன்னதையே சற்று விரித்துத் தங்கள் வாசகர்களுக்கும் எழுதுகிறேன். ஏனெனில் கொட்டேஷனில் தடிமனையும் விலையையும் பார்ப்பவர்கள், அந்தத் தடிமன் எந்தச் சூத்திரத்திலிருந்து வந்தது, அந்தச் சூத்திரம் எதை அனுமானிக்கிறது என்று கேட்பதே இல்லை.

இழையின் வேலையைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். தரைத்தளங்களில் போடும் அளவில், அதாவது கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை, எஃகு இழை கான்கிரீட்டில் முதல் விரிசல் விழும் சுமையை ஏறத்தாழ உயர்த்துவதே இல்லை. விரிசல் விழுந்த பிறகுதான் அதன் பங்கு தொடங்குகிறது: விரிசலின் இரு கரைகளையும் இழைகள் இழுத்துப் பிடிப்பதால் கான்கிரீட் சட்டென்று உடையாமல், தன் வலிமையின் ஒரு பகுதியைத் தக்கவைத்துக்கொள்கிறது. இதற்கு எஞ்சிய வலிமை என்று பெயர். வடிவமைப்பு முறைகள் எல்லாம் இந்த எஞ்சிய வலிமையை எப்படி அளப்பது, அதில் எவ்வளவை நம்புவது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே வளர்ந்திருக்கின்றன.

மண்ணின் மேல் கிடக்கும் தளத்துக்கு வெஸ்டர்கார்ட் என்ற பொறியாளர் 1926-இல் தந்த கணக்கு, முதல் விரிசலையே எல்லையாகக் கொண்டது. விரிசலுக்குப் பின்னும் தாங்கும் பொருளுக்கு அது பொருந்தாது என்பதால், சுவீடனின் லோஸ்பெர்க் 1961-இலும், மேயர்ஹாஃப் 1962-இலும் தளம் இறுதியில் எந்தக் கோடுகளில் மடிந்து உடையும் என்று பார்க்கும் முறையை வகுத்தனர். பொறியாளர்கள் இதை யீல்ட் லைன் முறை என்பார்கள். பிரிட்டனின் கான்கிரீட் சொசைட்டி வெளியிடும் டி.ஆர். 34 என்ற அறிக்கை இதை எடுத்தாண்டு கிடங்குத் தளங்களுக்கான நடைமுறைக் கையேடாகவே ஆக்கிவிட்டது. 1988-இல் வந்த அந்த அறிக்கையின் நான்காம் பதிப்பு 2013-இல் வெளியானது. நம் ஊர்க் கொட்டேஷன்களில் இணைக்கப்படும் கணக்குகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை அதன் வழியில் வந்தவையே.

அந்த முறையின் உள்ளே நடப்பதை எளிதாகச் சொல்லலாம். ராக்கின் கால் ஒன்று தளத்தின் நடுவில் அழுத்துகிறது. காலுக்குக் கீழே, தளத்தின் அடிமுகத்தில், சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிசல்கள் கிளம்புகின்றன. அவற்றை இழைகள் பிடித்துக்கொள்கின்றன. சுமை மேலும் ஏறினால், காலிலிருந்து சற்றுத் தள்ளி, மேல்முகத்தில் வட்டமாக ஒரு விரிசல் விழுகிறது. அந்த வட்ட விரிசல் தோன்றும் கணமே இறுதி எல்லை. ஆகவே தாங்குதிறனில் இரண்டு கூறுகள் சேர்கின்றன: அடிமுகத்தில் இழை தரும் எஞ்சிய வளைவுத் திறன் ஒன்று, மேல்முகத்தில் விரிசல் விழாத வெறும் கான்கிரீட்டின் வளைவுத் திறன் இன்னொன்று. சுமையை ஒரு புள்ளியாகக் கொண்டால், தளத்தின் நடுவில் இரண்டையும் கூட்டி 2π-ஆல் பெருக்க வேண்டும்.

இந்தக் கூட்டலில்தான் முறையின் பலமும் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. இழை தரும் பங்கு, கான்கிரீட் தரும் பங்கில் பாதி என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் நடுவில் தாங்குதிறன், கான்கிரீட்டின் வளைவுத் திறனைப் போல் 9.4 மடங்கு என்று வருகிறது. இழையின் பங்கை நாம் 30 விழுக்காடு மிகையாக மதிப்பிட்டிருந்தோம், உண்மையில் அது அந்த அளவுக்குக் குறைவு என்றால்கூட, 9.4 என்பது 8.5 ஆகத்தான் இறங்கும். இழப்பு 10 விழுக்காடே. மண்ணின் விறைப்பு நினைத்ததில் பாதிதான் என்று ஆனாலும், 100 மி.மீ. சதுரத் தகட்டின் மேல் நிற்கும் ராக் காலுக்கு, 150 மி.மீ. தளத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்கில் 5 விழுக்காடு அளவுக்கே திறன் குறைந்தது. (நிரப்பிய வயல் மண் ஆண்டுக்கணக்கில் இறங்குவது வேறு விஷயம், அது இந்தச் சூத்திரத்துக்குள் வரவே வராது.) இவ்வளவு மன்னிக்கும் குணமுள்ள கணக்கு கட்டுமானத் துறையில் அரிது. நடுத்தளத்தைப் பொறுத்தவரை டி.ஆர். 34 வழியை நான் தயங்காமல் நம்புவேன்.

ஆனால் ராக்கின் கால் தளத்தின் நடுவில் மட்டும் நிற்பதில்லை. ஓரத்தில் நிற்கும்போது அதே கணக்கில் 9.4 என்பது 4.4 ஆகிறது. மூலையில் 2 ஆகிறது. அதாவது நடுவில் தாங்குவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூலைக்கான சூத்திரத்தை உற்றுப் பார்த்தால் அதில் இழையின் பங்கு இல்லவே இல்லை என்பது தெரியும். மூலையில் விரிசல் மேல்முகத்தில் விழுகிறது. மேல்முகத்தில் விரிசல் விழுவதே எல்லை என்று முறை வகுத்திருப்பதால், விரிசலுக்குப் பின் வேலை செய்யும் இழைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. கன மீட்டருக்கு 20 கிலோ போட்டாலும் 40 கிலோ போட்டாலும் துண்டித்து நிற்கும் மூலையின் கணக்கு ஒன்றேதான். தளத்தின் பகுதிகள் சந்திக்கும் மூட்டுகளில் டவல் (dowel) கம்பிகளை, அதாவது மூட்டைக் குறுக்கே கடக்கும் குட்டைக் கம்பிகளை வைத்துப் பக்கத்துத் தளத்துக்குச் சுமையைக் கடத்துவது இதனால்தான். போதாக்குறைக்கு, மேல்பக்கம் முதலில் உலர்ந்து சுருங்குவதால் தளத்தின் மூலைகள் மண்ணை விட்டுச் சற்றே மேலெழும். சூத்திரமோ மூலையின் அடியில் மண் முழுதும் தாங்கி நிற்பதாகவே கொள்கிறது. என் நண்பரின் இரண்டாவது கொட்டேஷனில் இருந்த கணக்கு நடுத்தளத்துக்கு மட்டும் போடப்பட்டிருந்தது. ஓரம், மூலை என்ற சொற்கள் அதில் ஒரு முறைகூட வரவில்லை.

அடுத்து, எஞ்சிய வலிமை என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஈ.என். 14651 சோதனையில் 150 மி.மீ. சதுர வெட்டுமுகம் கொண்ட உத்திரத்தின் அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, 500 மி.மீ. இடைவெளியில் தாங்கி நிறுத்தி நடுவில் அழுத்துகிறார்கள். வெட்டின் வாய் 0.5 மி.மீ. திறக்கும்போதும், படிப்படியாக 3.5 மி.மீ. திறக்கும்போதும் உத்திரம் எவ்வளவு தாங்குகிறது என்பதே எஞ்சிய வலிமை. டி.ஆர். 34-இன் 2013 பதிப்பு இந்தச் சோதனைக்குத்தான் மாறியது; அதற்கு முந்தைய பதிப்பு, ஜப்பானிய முறையில் உத்திரம் 3 மி.மீ. தொய்யும் வரை சராசரியாக எவ்வளவு தாங்கியது என்று பார்த்தது. விரிசல் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதோடு வலிமையைப் பிணைத்துப் பேசுவதால் புதிய சோதனை மேலானது என்பது என் கருத்து.

ஆனால் எந்தச் சோதனையானாலும் உத்திரம் சிறியது. உடையும் முகம் 150-க்கு 125 மி.மீ. மட்டுமே. 0.75 மி.மீ. விட்டமுள்ள இழையைக் கன மீட்டருக்கு 20 கிலோ கலந்தால், அந்த முகத்தைக் கடந்து நிற்கும் இழைகளின் எண்ணிக்கை சுமார் ஐம்பத்து நான்கு என்று கணக்கு சொல்கிறது. இழைகள் முற்றிலும் சீராகக் கலந்திருந்தாலும், குருட்டு வாய்ப்பினால் மட்டுமே இந்த எண்ணிக்கை உத்திரத்துக்கு உத்திரம் 14 விழுக்காடு அளவில் ஏறி இறங்கும். இழைகள் கொத்தாகச் சேர்வதும், வார்க்கும்போது ஒரு திசையில் சாய்ந்துவிடுவதும் அதன் மேல் சேர்கின்றன. எனவேதான் எஞ்சிய வலிமையின் சிதறல் 20 முதல் 30 விழுக்காடு வரை இருப்பது இத்துறையில் சாதாரணம். கான்கிரீட்டின் அமுக்க வலிமையில் இப்படிச் சிதறினால் அந்த ரெடிமிக்ஸ் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

இந்தச் சிதறலை என்ன செய்வது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. ஃபிப் என்ற சர்வதேசக் கான்கிரீட் அமைப்பின் மாடல் கோடு 2010 போன்ற விதித்தொகுப்புகள், நூறு மாதிரிகளில் ஐந்து மட்டுமே கீழே விழக்கூடிய மதிப்பை எடுத்து, அதையும் 1.5 என்ற காரணியால் வகுக்கச் சொல்கின்றன. டி.ஆர். 34 மரபு சோதனையின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. வேறுபாடு சிறிதல்ல. சராசரி சதுர மி.மீட்டருக்கு 2 நியூட்டன், சிதறல் 25 விழுக்காடு என்றால், ஏராளமான மாதிரிகள் இருந்தாலே முதல் வழியில், 1.5-ஆல் வகுப்பதற்கு முன்பே, கிடைப்பது 1.2 நியூட்டன் அளவுதான். ஆறு உத்திரங்களை மட்டும் சோதித்து, சிதறலை முன்கூட்டி அறியாத நிலையில், ஐரோப்பியக் கட்டுமானத் தரநிலையான யூரோகோடின் புள்ளியியல் அட்டவணைப்படி அது 0.9 ஆகிறது. மூன்றே உத்திரங்கள் என்றால் 0.3! பொருள் ஒன்றுதான், அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறையக் குறைய, அதிலிருந்து எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எண்ணும் குறைகிறது. விற்பனைத் துண்டறிக்கையில் ஒரு எண்ணை மட்டும் பார்க்கிறவர், அது எத்தனை உத்திரங்களின் சராசரி என்று கேட்டுவிட்டால் போதும், உரையாடலின் போக்கே மாறிவிடும்.

சராசரியை எடுப்பது தவறா? மண்ணின் மேல் கிடக்கும் தளத்துக்குத் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். தளம் மடிய வேண்டுமானால் மீட்டர் கணக்கில் நீளும் பல விரிசல்கள் ஒருசேரத் திறக்க வேண்டும். அவ்வளவு நீளத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் நிற்கும்போது ஓரிடத்தின் பலவீனத்தை இன்னோரிடத்தின் பலம் ஈடுகட்டிவிடும். ஜெர்மனியின் எஃகு இழைக் கான்கிரீட் வழிகாட்டி, இழுவிசைக்கு உள்ளாகும் பரப்பு பெரிதாகப் பெரிதாக 1.7 வரை உயரும் ஒரு காரணியை அனுமதிப்பதும் இதே காரணத்தால்தான். முழு அளவுச் சோதனைகளும் இதற்கு ஆதரவாக நிற்கின்றன. லண்டன் அருகே தேம்ஸ் பாலிடெக்னிக்கிலும், பிறகு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலும், இத்தாலியின் பிரெசியாவிலும் 3 மீட்டர் சதுரம், 150 மி.மீ. தடிமன் என்ற அளவில் தளங்களை வார்த்து நடுவில் அழுத்திப் பார்த்தபோது, அவை வெஸ்டர்கார்ட் கணக்கைக் காட்டிலும் வெகுவாக அதிகம் தாங்கின.

இருந்தாலும் அந்தச் சோதனைகளிலிருந்து அளவுக்கு மீறிய தைரியத்தைப் பெற்றுவிடக் கூடாது. ஆய்வகத்துத் தளத்தின் தடிமன் 150 என்றால் அது 150-தான். அதை ஆறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மூட்டு எதுவும் இழுப்பதில்லை. சித்திரை வெயிலில் அது காய்வதில்லை. அது சுருங்குவதை அடித்தரை தடுப்பதில்லை. நம் கிடங்குத் தளத்திலோ, முதல் ராக் கால் வருவதற்கு முன்பே, கான்கிரீட்டின் வளைவு வலிமையில் ஒரு பகுதியைச் சுருக்கத்தால் எழும் இழுவிசை தின்றுவிடுகிறது. மேல்முகத்துக் கூறு முழுக்க முழுக்க அந்த வலிமையையே நம்பியிருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், தளத்தை அறுத்து வெட்டு மூட்டுகளை உரிய நேரத்தில் போடுவதும் ஈரம் காப்பதும் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

தடிமன் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிழைகளிலும் பெரியது அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இழையின் கூறாயினும் கான்கிரீட்டின் கூறாயினும், தாங்குதிறன் தடிமனின் இருபடிக்கு ஏற்ப மாறுகிறது. 150 மி.மீ. தளத்தில் 15 மி.மீ. குறைந்தால் 19 விழுக்காடு போய்விடும். அதே 15 மி.மீ. 200 மி.மீ. தளத்தில் குறைந்தால் இழப்பு 14 விழுக்காடுதான். இழையைக் காட்டித் தடிமனைக் குறைக்கும் ஒவ்வொரு கொட்டேஷனும், கொத்தனாரின் மட்டப்பலகைப் பிழைக்குத் தளத்தை மேலும் கூருணர்வுள்ளதாக ஆக்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட ஒரு தளத்தில், வரைபடம் 150 மி.மீ. என்று சொன்ன இடத்தில் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்துப் பார்த்தபோது 131 மி.மீ. இருந்தது. அடித்தரையின் ஜல்லிப் படுகை சரியாக மட்டம் பிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் திறனின் கால் பங்கு, வார்த்த அன்றே போய்விட்டது. இழைச் சோதனையின் சிதறலைப் பற்றி ஆய்வேடுகளில் நடக்கும் வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோர்தான் நினைவுக்கு வரும்.

இதுவரை சொன்னது மண்ணின் மேல் கிடக்கும் தளம். அதே இழை, அதே உத்திரச் சோதனை, அதே எண் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போய்த் தூண்களின் மேல் நிற்கும் மாடித்தளத்துக்கோ, மண் தாழ்ந்துவிடும் என்று பைல்களின் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களின்) மேல் அமைக்கும் தளத்துக்கோ பயன்படுத்தும்போது, நம்பகத்தன்மையின் கதையே வேறாகிவிடுகிறது. அங்கே அடியில் தாங்கும் மண் இல்லை. விரிசல்கள் திறந்த பிறகு, நின்றாலும் விழுந்தாலும் எஞ்சிய வலிமை ஒன்றே துணை. இழையின் மதிப்பு 30 விழுக்காடு குறைந்தால் தரைத்தளம் 10 விழுக்காடு இழந்தது. மாடித்தளம் அந்த 30 விழுக்காட்டையும் முழுதாக இழக்கும். லக்சம்பர்க்கின் பிஸ்ஸனில் 2004-இலும், எஸ்டோனியாவின் டாலினில் 2007-இலும் இழையையே முதன்மை வலுவூட்டலாகக் கொண்ட மாடித்தளங்களை முழு அளவில் வார்த்துச் சோதித்தார்கள். அவை நன்றாகவே தாங்கின. ஆனால் அவற்றில் கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இழை இருந்தது என்பதையும், இந்த வகைத் தளங்களில் ஒரு தூண் இடம் தவறினாலும் தளம் தொடர்ச்சியாகச் சரிந்துவிடாதபடி தூணுக்குத் தூண் கம்பிகளை ஓடவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தரைத்தளத்துக்கு 20 கிலோ இழை போட்டுப் பழகிய ஒப்பந்ததாரர், "மாடிக்கும் இதையே போட்டுவிடலாம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு எந்த வடிவமைப்பு முறையும் துணை நிற்காது.

நம் நாட்டுத் தரநிலைகள் இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. ஐ.எஸ். 456 (2000), பின்னர் வந்த திருத்தத்தின்படி, சிறப்புத் தேவைகளுக்கு இழை சேர்க்கலாம் என்று அனுமதித்து, துறைசார் நூல்களைப் பார்க்கும்படி கைகாட்டுகிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2013-இல் திருத்தி வெளியிட்ட எஸ்.பி. 46 சாலைத்தளங்களுக்கானது; சக்கரச் சுமை நகர்ந்துகொண்டே இருக்கும் சாலைக்கும், ராக் கால் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் கிடங்குக்கும் கணக்கு ஒன்றாகாது. ஆகவே நாம் வெளிநாட்டு அறிக்கைகளை நாடுவது இயல்பே. ஆனால் நாடும்போது ஒரே அறிக்கையை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறையிலிருந்து சராசரி வலிமையையும், இன்னொன்றிலிருந்து தனக்குச் சாதகமான சுமைக் காரணியையும் (பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் எண்ணையும்) பொறுக்கிச் சேர்த்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். டி.ஆர். 34 நிலையாக நிற்கும் ராக்குக்கு 1.2 என்ற சிறிய காரணியை ஏற்றுக்கொள்வது, ராக்கின் சுமை திட்டவட்டமாகத் தெரிந்தது, யாரும் அதை மீற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். நம் கிடங்குகளில் ராக்கின் மேல் எழுதப்பட்டிருக்கும் எடையளவை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதை வாசகர்களின் அனுபவத்துக்கே விடுகிறேன்.

நண்பரிடம் நான் கேட்கச் சொன்னவை சிலவே. ஓரத்துக்கும் மூலைக்கும் கணக்குப் போட்டுத் தரவேண்டும். ராக் கால்கள் எங்கே வருகின்றன என்ற வரைபடத்தை முடிவுசெய்து, மூட்டுகள் அவற்றுக்கு நேரே விழாதபடி தள்ளி வைக்க வேண்டும். எஞ்சிய வலிமை, அந்தத் தளத்துக்கு வரப்போகும் கலவையிலேயே, ஆறு உத்திரங்களுக்குக் குறையாமல் சோதித்துக் காட்டப்பட வேண்டும். வார்க்கும் நாளில் லாரியின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் பத்து லிட்டர் கான்கிரீட் எடுத்துக் கழுவி, காந்தத்தால் இழையைப் பிரித்து எடைபோட்டால், ஒவ்வொன்றிலும் 200 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம், ஒரு வாளியும் தராசும் போதும். வார்ப்பதற்கு முன் அடித்தரையின் மட்டத்தை இரண்டு மீட்டருக்கு ஓரிடம் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது ஒப்பந்ததாரர் முதலில் முகம் சுளித்தாலும், பிறகு ஒத்துக்கொண்டார். மூலைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 150 மி.மீ. போதாது என்று அவருடைய பொறியாளரே கண்டு, மூட்டுகளில் டவல் கம்பிகளைச் சேர்த்துத் தடிமனை 170 ஆக்கினார். இழை அதே 20 கிலோதான். விலை இரண்டு கொட்டேஷன்களுக்கும் நடுவே வந்து நின்றது. கிடங்கின் ஒரு பக்கத்தில் வரவிருக்கும் அலுவலக மாடிக்கும் கம்பியில்லாமல் இழை மட்டும் போடலாமா என்று நண்பர் கேட்டார். அதற்குக் கம்பி கட்டச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
காஞ்சிபுரம்.